வலிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் செல்லப்பிராணிகள் பற்றி வரும் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். எந்த நாய் எந்த வீட்டுக்குப் பொருந்தும், தடுப்பூசி எப்போது போட வேண்டும், முடி கொட்டினால் என்ன செய்யலாம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் மாதக்கணக்கில், சில சமயம் ஆயுள் முழுக்க, மாத்திரை கொடுத்தே ஆக வேண்டிய பிராணிகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுப்பதற்கும் அந்த மருந்து நாயின் வயிற்றுக்குள் போய்ச் சேருவதற்கும் நடுவில் அந்த வீடுகளில் என்னென்ன தவறு நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தவறுகளையே எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாயின் பெயர் செவலை. மூன்று வயதில் அதற்கு முதல் வலிப்பு வந்தது. படுத்திருந்தது, திடீரென்று நான்கு கால்களும் விறைத்துக்கொண்டன, தாடை இறுகி நுரை தள்ளியது, கால்கள் தண்ணீரில் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டன, படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆனால் எங்களுக்கு அது ஒரு யுகம். நாய்களுக்கு வேறு காரணம் எதுவும் தெரியாமல் வரும் வலிப்பு நோய் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 6 வயதுக்குள்தான் தொடங்கும் என்று மருத்துவர் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் வேறு கோளாறு எதுவும் இல்லை. இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது, அப்புறம் மூன்றாவது முறையும். அதன்பிறகுதான் பீனோபார்பிட்டால் மாத்திரை தொடங்கினார், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை.

மாத்திரை வேலை செய்தது. ஏழு மாதம் ஒரு வலிப்பும் இல்லை. அங்கேதான் தப்பு செய்தோம். நாய் நன்றாக ஓடுகிறது, விளையாடுகிறது, இன்னும் எதற்கு இந்த மாத்திரை, கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்களே என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்படியே நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் இரவு ஒன்று வந்தது. தெளிந்து எழுந்து தள்ளாடி நடப்பதற்குள் இன்னொன்று. விடியற்காலையில் மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் வழியில் என் மகளின் மடியிலேயே மூன்றாவது. நரம்பில் ஊசி போட்டு, இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து காப்பாற்றிக் கொடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் வந்தால் அதைத் தொடர் வலிப்பு என்கிறார்கள், அது அவசர நிலை என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். இந்த மருந்து மூளையின் துடிப்பைத் தினமும் அடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மூளையும் அந்தப் பிடிக்குப் பழகிவிடுகிறது, பிடியைச் சட்டென்று விட்டால் முன்பு இருந்ததைவிட மோசமாகத் திமிறும். அதாவது நாய் நன்றாக இருந்ததற்குக் காரணமே அந்த மாத்திரைதான். அதை நாங்கள் நோய் போய்விட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டோம். குறைக்க வேண்டிய நிலை வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில், மருத்துவர் சொல்லச் சொல்லத்தான் குறைக்க வேண்டும். பீனோபார்பிட்டாலுக்கு மட்டும் அல்ல, காபாபென்டின் உட்பட வலிப்புக்காகத் தினமும் கொடுத்து வரும் மருந்துகள் பொதுவாகவே இப்படித்தான். நரம்பு வலிக்காகக் காபாபென்டினை நீண்ட நாள் கொடுத்து வந்தாலும் அதையும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வலி திரும்பி வரும், வலிப்பு உள்ள பிராணியாக இருந்தால் வலிப்பும் வரலாம். இன்னொன்று, மாத்திரை தீர்ந்துபோவதும் நிறுத்துவதும் நாய்க்கு ஒன்றுதான். விடுமுறை நாளில் டப்பாவைத் திறந்து பார்த்தால் ஒன்றே ஒன்று கிடக்கும். பத்து நாளுக்கு மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்த சீட்டு வாங்கிவிடுகிறோம் இப்போது.

இன்னொரு தவறு என் அம்மா செய்தது, பாசத்தில் செய்தது. மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம் செவலை குடித்தவனைப்போல் நடந்தது. பின்னங்கால் பின்னிக்கொள்ளும், நின்றுகொண்டே தூங்கி விழும். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும். பசி வேறு தாங்காது. இதைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்களுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தள்ளாட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிடும், உடல் பழகிக்கொள்ளும், தாகமும் பசியும் மட்டும் ஓரளவுக்குத் தங்கிவிடும். முதல் நாளே இதை யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவர் உடைத்திருக்க மாட்டார். ஆனால் எழுந்து நிற்கவே முடியாத அளவு மயக்கம், சாப்பாட்டை அடியோடு மறுப்பது, தொடர் வாந்தி, கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாவது, இதெல்லாம் பழக்கமாகும் விஷயம் அல்ல. அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்தப் பசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதைக் கண்டாலும் தின்னத் தோன்றும் நாய் மாத்திரை டப்பாவையும் கடிக்கும். ஒரு மாத மருந்தை ஒரே மூச்சில் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளுக்கு எட்டாத இடம் என்று நாம் நினைக்கும் மேசை நாய்க்கு எட்டும், மூடிய அலமாரிதான் சரி.

மாத்திரையை வாயில் போட்டால் உள்ளே போய்விட்டது என்று நினைப்பதும் தவறுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செவலைக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பார்கள். கல்லீரல் நாளாக ஆக இந்த மருந்தை வேகமாகக் கரைத்துத் தள்ளப் பழகிவிடும் என்பதால், அதே மாத்திரை கொடுத்தாலும் ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். அதனால் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறை, அளவை மாற்றும்போதெல்லாம் ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்தபோது அளவு மிகக் குறைவாக இருந்தது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டலாம் என்றார். அந்த வாரம் தற்செயலாக அலமாரியை நகர்த்திப் பெருக்கினேன். சுவர் ஓரத்தில், தூசியும் முடியும் ஒட்டிக்கொண்டு, பாதி கரைந்து காய்ந்துபோன மாத்திரைகள் மூன்று கிடந்தன. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நாம் அந்தப் பக்கம் போனதும் அங்கே போய்த் துப்பியிருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரியாது. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அளவைக் கூட்டியிருப்பார்கள், நாங்களும் அதன்பிறகு ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியிருந்தால் அத்தனையும் உள்ளே போய் நாய் மயங்கிக் கிடந்திருக்கும்.

இப்போது இப்படிக் கொடுக்கிறேன். ஒரு கையால் மேல் தாடையைப் பிடித்து மூக்கை மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். மாத்திரையை நாக்கின் நடுவில், எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அவ்வளவு பின்னால் வைத்து, வாயை மூடிப் பிடித்துக்கொண்டு, தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். நாக்கை நீட்டித் தன் மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் நான் கையை எடுப்பதில்லை. உணவில் ஒளித்துக் கொடுப்பவர்கள் தட்டு முழுக்கக் கலக்காமல், மருந்து இல்லாத சின்ன உருண்டை ஒன்று, மருந்து வைத்தது ஒன்று, மறுபடி மருந்து இல்லாதது ஒன்று என்று கொடுத்துப் பாருங்கள். மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவது உள்ளே போய்விடும். பூனைக்கும் மாத்திரையை அப்படியே வறட்டு வாயில் தள்ளிவிட்டு விடக் கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். கொடுத்த பிறகு சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக நான்கைந்து மில்லி தண்ணீர் மெதுவாகவாவது, கொஞ்சம் ஈரமான உணவாவது கொடுக்க வேண்டும். மாத்திரையைப் பொடிப்பதானால் கேட்டுவிட்டுப் பொடியுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லெவெட்டிரசெட்டம் மாத்திரையில் மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த ஒரு வகை உண்டு. அதை உடைத்தாலோ பொடித்தாலோ 12 மணி நேரத்துக்குப் பரவ வேண்டிய மருந்து ஒரே அடியாக உள்ளே போகும், அப்புறம் மிச்ச நேரத்துக்கு மருந்தே இருக்காது.

நேரம் பற்றி. செவலைக்குக் காலை எட்டு, இரவு எட்டு. அரை மணி முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது, ஆனால் தினமும் இரவு வேலை முடிந்து வந்தபோது கொடுக்கலாம் என்பது வேண்டாம். சாதாரண லெவெட்டிரசெட்டமும் காபாபென்டினும் நாயின் உடலில் 3, 4 மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும், அதனால்தான் பெரும்பாலும் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதுகிறார்கள். மனிதர்களுக்கு எழுதுவதுபோல் காலை, மதியம், இரவு என்று நாம் எடுத்துக்கொண்டால் இரவிலிருந்து காலை வரை நீண்ட இடைவெளி விழுந்துவிடும். வலிப்புக்கே கொடுக்கும் பொட்டாசியம் புரோமைடு இதற்கு நேர் எதிர். அது நாயின் உடலில் பாதியாகக் குறையவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், ரத்தத்தில் அளவு ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம். அதைக் கொடுக்கிறவர்கள் உணவில் உப்பைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வேகமாக வெளியே தள்ளிவிடும், வலிப்பு வரும். குறைத்தால் புரோமைடு தேங்கி நாய் தள்ளாடும். வேறு தீவனத்துக்கு மாறினால்கூட மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். நினைவு வந்த உடனே கொடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் மறந்ததை விட்டுவிட்டு அந்த வேளையிலிருந்து வழக்கப்படி தொடர வேண்டும். விட்டதையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கவே கூடாது. கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டால் நாமாக இன்னொன்று போடாமல் போன் செய்து கேட்பதுதான் நல்லது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுத்துவிட்ட நாளும் உண்டு. அன்றிலிருந்து மாத்திரை டப்பாவோடு ஒரு நோட்டைக் கட்டி வைத்திருக்கிறோம். கொடுத்தவர் நேரத்தை எழுதிவிட வேண்டும், எழுதாவிட்டால் கொடுக்கவில்லை என்று கணக்கு. வலிப்பு வந்தால் தேதி, எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் அதிலேயே. மருத்துவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுத உண்மையான காரணத்துக்கு வருகிறேன். போன வருடம் செவலைக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் விலகி நரம்பு வலி வந்தது. கழுத்தைத் தொட்டாலே கத்தும், தலையைக் குனிந்து தட்டில் சாப்பிட முடியாது, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டே நிற்கும். அதற்குக் காபாபென்டின் கேப்ஸ்யூல் எழுதினார்கள். இந்த மருந்து 1993-ல் அமெரிக்காவில் மனிதர்களின் வலிப்புக்காக அனுமதி பெற்று வந்தது, நரம்பு வலிக்கும் பயன்படுகிறது என்பது பிறகு வந்த சேதி. நாய் பூனைகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் இதே மனித மருந்தைத்தான் எழுதுகிறார்கள். மருந்துக் கடையில் கேப்ஸ்யூல் இல்லை. அதே மருந்துதான், திரவமாக இருக்கிறது, நாய்க்குக் கொடுக்க இன்னும் சுலபம் என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சிரிஞ்சில் இழுத்து, நாயைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். என் மகள் பாட்டிலை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தவள், இதில் சைலிட்டால் என்று போட்டிருக்கிறதே, அது நாய்க்கு ஆகாது என்று எங்கோ படித்தேன், கொஞ்சம் பொறு என்றாள். போன் செய்து கேட்டோம். கொடுத்துவிடாதீர்கள் என்று மருத்துவர் பதறினார்.

சைலிட்டால் என்பது சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பு. மனிதர்களை அது ஒன்றும் செய்யாது. நாயின் உடலில் போனால் கணையம் அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், தள்ளாட்டம், மயக்கம், அப்புறம் வலிப்பு. அளவு கூடினால் கல்லீரலும் போய்விடும். வலிப்பு நாய்க்கு வலி தீரக் கொடுக்கும் மருந்தே வலிப்பைக் கொண்டுவரும் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதர்களுக்கான காபாபென்டின் திரவ மருந்துகளில் சிலவற்றில் இது இருக்கிறது. சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சூயிங்கம், மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய் வகைகளிலும் இருக்கிறது. மாத்திரையை ஒளித்துக் கொடுக்க அந்த வெண்ணெயைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன். இனிமேல் திரவ மருந்து எது வாங்கினாலும் உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதை முழுதாகப் படியுங்கள், எழுத்து தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் கேப்ஸ்யூலே கேளுங்கள்.

திரவ மருந்தில் இன்னொரு பள்ளம், மில்லிகிராமும் மில்லி லிட்டரும். சீட்டில் 50 என்று இருந்தால் அது 50 மில்லிகிராம் மருந்து, 50 மில்லி திரவம் அல்ல. ஒரு பாட்டிலில் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 100 இருக்கும். பாட்டில் மாறினால் சிரிஞ்சில் இழுக்க வேண்டிய கோடும் மாறும். ஒவ்வொரு முறை புது பாட்டில் வாங்கும்போதும் ஒரு மில்லியில் எவ்வளவு என்று கேட்டு, எந்தக் கோடு வரை என்று மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, சிரிஞ்சிலேயே பேனாவால் கோடு போட்டு வைத்துவிடுங்கள். அதேபோல் காபாபென்டின், அதே வகை நரம்பு வலி மருந்தான பிரீகாபலின் இரண்டும் தனியாகவும் கிடைக்கின்றன, வேறு மருந்துகளோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் கிடைக்கின்றன. வீட்டில் தாத்தாவுக்கு நரம்பு வலிக்கு எழுதிய மாத்திரையில் அதே பெயர் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதில் மனஅழுத்த மருந்து ஒன்றும் சேர்ந்திருக்கலாம். நாயின் எடைக்கும் மனிதனின் எடைக்கும் உள்ள வித்தியாசம் தனிக் கதை.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். நாய்க்கு வேறு எந்த மருந்து கொடுத்தாலும், அது வயிற்றுக்கோளாறு மருந்தே ஆனாலும், சொல்லிவிடுங்கள். வயிற்று அமிலத்தைத் தணிக்கக் கொடுக்கும், அலுமினியமும் மக்னீசியமும் கலந்த மருந்து காபாபென்டினை உடலில் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக் பீனோபார்பிட்டாலைக் கரையவிடாமல் தேக்கிவிடும். டிரமடால் என்ற வலி மருந்து வலிப்பு சுலபமாக வர வழி செய்துவிடும். பீனோபார்பிட்டால் கொடுக்கும் நாய்க்கு தைராய்டு பரிசோதனை செய்தால் தைராய்டு குறைவாக இருப்பதுபோல் காட்டும், நோய் இல்லாமலே. புதிதாக ஒரு மருத்துவரைப் பார்த்தால் மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பூனை சின்ன நாய் அல்ல. நாய்க்குக் கொடுக்கும் பொட்டாசியம் புரோமைடு பூனைக்கு நுரையீரலைக் கெடுத்து இருமலும் மூச்சுத்திணறலும் கொண்டுவரும். வலிப்பை அடக்கும் டயசெபாம் மாத்திரையைப் பூனைக்கு வாய்வழியாகச் சில நாள் கொடுத்ததில் கல்லீரல் திடீரென்று செயலிழந்து இறந்த பூனைகள் பற்றி 1990-களிலேயே மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம், ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும், அதைக் கரைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. நாயின் உண்ணிக்காக முதுகில் ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு ஊற்றினாலும், ஊற்றிய நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலும், உடல் நடுங்கி வலிப்பு வரும். பூனைக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் முதலில் அதை யோசியுங்கள். சிறுநீரகம் தளர்ந்த வயதான பூனைக்குக் காபாபென்டின் வழக்கமான அளவு கொடுத்தால் மருந்து வெளியேறாமல் தேங்கி ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடக்கும், அதற்கு அளவு குறைவு. முதலில் சிறுநீரகப் பரிசோதனை செய்துவிட்டு எழுதுங்கள் என்று நாமே கேட்கலாம், தவறில்லை.

வலிப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மாத்திரையும் தண்ணீரும் எதுவும். நுரையீரலுக்குள் போய்விடும். நாக்கை விழுங்கிவிடும் என்று பயந்து கையை வாய்க்குள் விடாதீர்கள், நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும், அதற்கே தெரியாமல். செய்ய வேண்டியது கடிகாரத்தைப் பார்ப்பது. பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், அதனால் போனில் நேரத்தை ஓட விட்டு, முடிந்தால் படமும் எடுங்கள், மருத்துவருக்கு அது ஆயிரம் கேள்விக்குப் பதில். படிக்கட்டு, தண்ணீர்த்தொட்டி, மேசைக்கால் பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்து, விளக்கை அணைத்து, சத்தத்தைக் குறையுங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து சரியாகத் தெளியாமல் அடுத்தது தொடங்கினால், வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை, தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நீண்ட வலிப்பில் உடல் சூடும் ஏறிவிடும். அவசரத்துக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சில மருத்துவர்கள் மூக்கில் தெளிக்கும் மிடசோலமோ ஆசனவாயில் செலுத்தும் டயசெபாமோ எழுதித் தருவார்கள். அதை வாங்கினால் எப்படிக் கொடுப்பது, எத்தனை முறை கொடுக்கலாம் என்று அவர் கையால் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். டயசெபாமை முன்கூட்டியே பிளாஸ்டிக் சிரிஞ்சில் நிரப்பி வைக்காதீர்கள், பிளாஸ்டிக்கே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், தேவைப்படும் நேரத்தில் பலம் இருக்காது. வலிப்பு நின்ற பிறகு கொஞ்ச நேரம், சில சமயம் மணிக்கணக்கில், கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், நம்மையே அடையாளம் தெரியாமல் உறுமும். கோபித்துக்கொள்ளாதீர்கள், கிட்டே போகாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். செவலை அப்படி ஒரு நாள் என் குரலைக் கேட்டு வாலை ஒரே ஒரு முறை அசைத்தது. தெளிகிறது என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வழியாகக் கால்நடை மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மருந்துகளை எழுதும்போது சீட்டோடு ஓர் அரைப்பக்கத் தாளும் கொடுங்கள், தமிழில். எத்தனை மில்லிகிராம், திரவம் என்றால் எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை, முதல் இரண்டு வாரம் எப்படி இருக்கும், எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும், கேட்காமல் நிறுத்தக் கூடாது, இரவில் எந்த எண்ணுக்குப் பேசுவது. இவ்வளவுதான். உங்கள் அறையில் நீங்கள் சொல்வது பாதி எங்கள் காதில் ஏறுவதில்லை, கையில் நடுங்கும் நாயை வைத்துக்கொண்டு நிற்கிறோம். வீட்டில் மருந்து கொடுக்கப்போவது பல நேரம் உங்கள் அறைக்கே வராத ஒரு பாட்டியோ பள்ளிக்கூடப் பிள்ளையோதான், அவர்களுக்கு அந்தத் தாள் வேண்டும். மருந்துக் கடைக்காரர்களிடமும் கேட்கிறேன். சீட்டில் கேப்ஸ்யூல் என்று இருந்தால் திரவத்தை மாற்றிக் கொடுப்பதற்கு முன், இது யாருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாய்க்கு என்று சொன்னால் எழுதிய மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள்.

அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கால்நடை மருத்துவரையே எழுத வைத்து உங்கள் பக்கத்தில் ஒரு முறை வெளியிட முடியுமா? கத்தரித்து மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைக்கும் அளவில் இருந்தால் நல்லது. எங்கள் டப்பாவில் இப்போது என் மகள் கையெழுத்தில் ஒன்று ஒட்டியிருக்கிறது, மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கியது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்